அக்கா பெண்ணுக்கு மட்டும் ஓர் இடம்

உயிரியல் டீச்சருக்குப் பள்ளியில் பட்டாசு என்று பேர். முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை, சொன்னால் வெடிக்கும். அந்தக் கோடையில் அவர் வெடித்ததற்குக் காரணம் இருந்தது. பதினோராம் வகுப்பில் ஒரு பெண், கொசு என்று கூப்பிடுவார்கள், தெருத்தெருவாக எடுத்த சாக்கடைத் தண்ணீரைப் பாட்டில்களில் வைத்துக் கொசுப்புழு வளர்த்தாள். ஒரு தெருத் தண்ணீரில் மட்டும் புழு பிழைக்கவே இல்லை. ஏன் என்று பார்க்க நல்ல ஆய்வகம் வேண்டும். பள்ளியிலிருந்த மைக்ராஸ்கோப்போ பூட்டிய பீரோவுக்குள் தூங்கியது. ஊரிலிருந்த ஆராய்ச்சி நிறுவனத்தில் விடுமுறைக்குப் பள்ளிப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்கிறார்கள் என்று தெரிந்ததும் டீச்சர் கிளம்பிவிட்டார்.

போன் செய்தால் மெயில் அனுப்பச் சொன்னார்கள். மெயில் அனுப்பினால் பதிலே கிடையாது. நேரில் போனால் வாட்ச்மேன் நிழலில் உட்காரச் சொல்லிவிட்டு மறந்துபோனார். கடைசியில் ஒரு அம்மாள் வெளியே வந்து, "முன் அனுபவம் இருக்கா?" என்று கேட்டார். ஆய்வகத்துக்குள் காலே வைக்கவிடாமல் ஆய்வக அனுபவம் கேட்கிறார்கள், இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்வது.

டீச்சரின் தம்பி அதே நிறுவனத்தில் விஞ்ஞானி. அவனிடம் போய் நிற்கக் கூடாது என்றுதான் இருந்தார். இனி வேறு வழியில்லை, அவன் அறைக்கே போனார்.

"எல்லா இடமும் போயாச்சு அக்கா," என்றான் தம்பி. "இங்க ஒரு வழக்கம் இருக்கு. சொந்தப் பிள்ளையை யாரும் தன்கிட்ட வச்சுக்க மாட்டாங்க. பக்கத்து ரூம்காரர் பையன் என்கிட்ட. என் பங்குக்கு நம்ம வீட்டுப் பிள்ளை அவர்கிட்ட. யாரும் குறை சொல்ல முடியாது பாரு."

"நம்ம வீட்டுப் பிள்ளையா? உனக்கு ஏதுடா பிள்ளை?"

"உன் பொண்ணுதான். திங்கட்கிழமை வரணும். உனக்குச் சந்தோஷமா இருக்கும்னு நினைச்சேன்."

டீச்சருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் மகளுக்குப் புழுவைக் கண்டாலே குமட்டும். "அவளை எடுத்துட்டு என் ஸ்டூடண்டைப் போடு."

"சொந்தம்னாத்தான் கணக்கு அக்கா."

"அப்போ என் ஸ்டூடண்டையே என் பொண்ணுன்னு எழுதிக்கோ. உன் பக்கத்து ரூம்காரர் என் பொண்ணைப் பார்த்திருக்காரா என்ன?"

கோபத்தில்தான் சொன்னார். தம்பி கொஞ்சம் யோசித்துவிட்டு, சரி என்றான்.

ஜெயித்துவிட்ட வேகத்தில் டீச்சர் நேரே கொசுவின் வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னார். "அங்க யார் கேட்டாலும் நீ என் பொண்ணு. அவ்வளவுதான்." அவள் துள்ளிக் குதிப்பாள் என்று எதிர்பார்த்தார். அவள் பாட்டில்களைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"எங்கப்பாவை என்ன பண்றது டீச்சர்?"

"ஏன், அவருக்கென்ன?"

"அவர் சாக்கடை அள்ளுறவரு. வேலை முடிஞ்சு வரும்போது அவர்தான் ஒவ்வொரு தெருத் தண்ணியையும் பிடிச்சுட்டு வந்தாரு. யார் எடுத்ததுன்னு அங்க கேப்பாங்கல்ல. எங்கப்பான்னு சொல்லலாமா, கூடாதா?"

நிறுவனத்துக்காரர்கள் இந்தப் பிள்ளைக்கு இடம்தான் தரவில்லை. பெற்ற அப்பாவை மறைக்கச் சொன்னது டீச்சர். வெட்கத்தில் அவருக்குக் காது சுட்டது.

அங்கிருந்தே தம்பிக்குப் போன் போட்டார். "இவ அவங்கப்பா பொண்ணாத்தான் வருவா. இல்லேன்னா நம்ம வீட்டுப் பிள்ளையும் வரமாட்டா."

"அப்படின்னா ரெண்டு பேரும் வேணாம் அக்கா," என்றான் தம்பி.

திங்கட்கிழமை அந்த இடத்தில் அவனுடைய மேலதிகாரியின் மைத்துனர் மகன் வந்து உட்கார்ந்தான்.