அப்பா போட்ட கையெழுத்து

போன வாரம் பிலோமினாவோடு காஞ்சிபுரம் கலெக்டர் ஆபீசுக்குப் போயிருந்தேன். பெருநகர் கிராமத்தில் நாற்று நடுகிற பெண், முப்பது வயசு இருக்கும். ஃபாரம் எழுதித் தருவேன் என்று யாரோ சொல்லி, உத்திரமேரூரில் என் வீடு தேடி வந்தவள்.

என்ன ஃபாரம்? இந்தியக் குடியுரிமை கேட்டு!

பிலோமினா பிறந்தது பாண்டிச்சேரியில். அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்துச் சிப்பாய். 1962-ல் ஊர் முறைப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, பிரெஞ்சுப் பிரஜையாகவே நீடிக்க விரும்புகிறவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். அவர் கையெழுத்துப் போட்டார். கூடவே எட்டு வயது மகளும் பிரெஞ்சுக்காரியாகவே நின்றுவிட்டாள். அவளை யார் கேட்டார்கள்?

தாயில்லாத பெண்ணைப் பெருநகரில் சித்தியிடம் விட்டுவிட்டு, மகனை மட்டும் அழைத்துக்கொண்டு பிரான்சுக்குப் போனார். இவள் இங்கேயே வளர்ந்தாள். கல்யாணம், இரண்டு குழந்தைகள்...

இந்த வருஷம் அண்ணனிடமிருந்து கடிதம் - அப்பா ஆஸ்பத்திரியில் இருக்கிறார், உன்னைக் கேட்கிறார் என்று. பாஸ்போர்ட்டுக்கு மனு போட்டாள். விசாரிக்க வந்த போலீஸ்காரர் பழைய காகிதங்களைப் புரட்டிவிட்டு, "நீ இந்தியாக்காரியே இல்லியேம்மா!" என்றாராம்.

பிரெஞ்சு பாஸ்போர்ட் வாங்கினால் சீக்கிரம் போகலாம். ஆனால் சொந்த வீட்டுக்குத் திரும்ப விசா வேண்டும். இந்தியப் பிரஜையாகிவிட்டுப் போகலாமென்றால் மாதக்கணக்கில் ஆகும்.

"பிரெஞ்சு பாஸ்போர்ட்லயே போய்ப் பார்த்துட்டு வந்துடேம்மா" என்றேன்.

"திரும்பி வர்றப்போ வுடலன்னா இன்னா பண்றது சார்? பசங்க சின்னதா கீதுங்க. அப்பா என்னை வுட்டுட்டுப் போனா மாதிரி நான் போவமாட்டேன்."

இந்திய ஃபாரத்தை எழுதினேன்.

ஆர்டர் வருவதற்குள் அப்பா போய்விட்டார்.

கலெக்டர் ஆபீசில் உறுதிமொழியை அதிகாரி வாசிக்க வாசிக்க, பிலோமினா திருப்பிச் சொன்னாள். பிரெஞ்சுக் குடியுரிமையைத் துறக்கிறேன் என்ற இடத்தில் மட்டும் கொஞ்சம் நின்றாள். பிறகு சொன்னாள். கையெழுத்தும் போட்டாள்.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றபோது சொன்னாள்: "அண்ணன் எழுதிகீது சார். ஆஸ்பத்திரில வர்றவங்க போறவங்ககிட்டல்லாம் அப்பா சொல்லிக்கினே இருந்தாராம் - 'எம் பொண்ணு வந்துடுவா, அவளுக்குன்னுதான் அன்னிக்கே கையெழுத்துப் போட்டு வச்சேன்'னு..."

இந்தியப் பிரஜையானதும் பிலோமினா முதலில் செய்த காரியம், ஒரு பிரெஞ்சுக்காரருக்காக நடுரோட்டில் நின்று அழுததுதான்.