தர்மா அழக் கிடைத்த ஒரு மணி நேரம்

குனோங் ராபாட்டில் ஒரு டயர் கடையின் மேல்மாடியில் இயங்கும் கிறிஸ்தவ சபைக்கு, சாவு வீட்டுப் பொறுப்பாளர் தர்மா. மற்ற நாட்களில் சிம்பாங் பூலாயிலிருந்து லாரியில் மலையேறிக் காய்கறி ஏற்றி வருபவர். சபையில் யாராவது இறந்துவிட்டால் கூடாரம், நாற்காலி, சவ வண்டி, ஒலிபெருக்கி எல்லாம் அவர் பார்த்துக்கொள்வார். கூடவே, யாரும் கொடுக்காத ஒரு பொறுப்பையும் எடுத்துக்கொண்டிருந்தார். அழுகிறவர்களை நிறுத்துவது.

தர்மா பிறந்தது ரப்பர் தோட்டத்து லயத்தில். அங்கே சாவு விழுந்தால், புதிதாக ஒரு சொந்தம் வந்து இறங்கும்போதெல்லாம் வீட்டுப் பெண்கள் எழுந்து கட்டிப்பிடித்து முதலிலிருந்து அழுவார்கள். ஞானஸ்நானம் எடுத்த பிறகு தர்மாவுக்கு அது விசுவாசம் இல்லாதவர்களின் வேலையாகப் பட்டது. பரலோகம் போனவருக்கு எதற்கு ஒப்பாரி? கீபோர்டு வாசிக்கும் ஷர்வினுக்கு நிரந்தர உத்தரவு ஒன்று போட்டார். யாராவது குரலெடுத்தால் பாட்டின் சத்தத்தைக் கூட்டிவிட வேண்டும். சில சாவு வீடுகளில், பக்கத்து வீட்டுச் சீனர்கள் கல்யாணம் என்று நினைத்து, மொய்ப்பணம் போட்ட சிவப்பு அங்பாவ் உறையை எடுத்து வைத்திருந்தாலும் குற்றமில்லை.

போன மாதம் தர்மாவின் மனைவி சரளா சிறுநீரகம் கெட்டு இறந்துபோனார்.

பெட்டியருகே தர்மா விறைப்பாக நின்றார். "விசுவாசத்துக்குச் சாட்சின்னா நீங்கதான்லா அண்ணே!" என்று ஆளாளுக்குக் கை குலுக்கினார்கள். பாஸ்டர் தீபன் மைக்கிலேயே பாராட்டினார். பெட்டியை மூடுவதற்குள் சரளாவின் முகத்தைப் பார்த்து ஒரு தடவை அழ வேண்டும், தர்மாவுக்கு வேண்டியது அவ்வளவுதான். ஆனால் ஊரார் அழுகையையெல்லாம் அடக்கிய மனிதர், எந்த முகத்தை வைத்துக்கொண்டு அழுவார்? குளியலறைக்குள் போய் முயன்று பார்த்தார். வெளியே ஒருவர் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

அப்போதுதான் சிலிபினிலிருந்து தர்மாவின் தங்கை முத்தம்மா வந்தார். நெற்றி நிறையத் திருநீறு. வாசல் கேட்டிலேயே ஒப்பாரியைத் தொடங்கிவிட்டார். ஷர்வின் சத்தத்தைக் கூட்டினான். முத்தம்மாவும் கூட்டினார். ஒலிபெருக்கி தோற்றது.

எல்லாரும் தர்மாவைப் பார்த்தார்கள். அவர் வழக்கம்போல ஒரு கப் தண்ணீரோடு போனார்.

"அழக் கூடாதும்மா. அண்ணி கர்த்தர்கிட்ட சந்தோசமா இருக்கா."

"அவ நல்லா இருக்கட்டும்ணே. அவளுக்கா அழுவுறேன்? அவ இல்லாம நீ என்னா செய்யப் போறேன்னு அழுவுறேன்."

முத்தம்மா சுவரைக் காட்டினார்.

"உங்க சாமி கண்ணீரத் தொடைப்பாருன்னு காலண்டர்ல போட்டிருக்கு. அவரு வந்து தொடைக்க ஒரு சொட்டாச்சும் இருக்க வேணாமா?"

பாஸ்டர் தீபன் காலண்டரைப் பார்த்தார். அச்சடித்தது சபைதான். கீழே அவர் படமும் இருந்தது.

முத்தம்மா அண்ணனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பாடினார்:

"மலையேறிப் போன அண்ணன்
மழையோட வந்து நின்னா
தலைதுவட்டத் துண்டெடுத்து
தர யாரு என் அண்ணியாரே..."

தர்மாவிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகை என்று அடையாளம் தெரியக் கொஞ்ச நேரமானது. ஷர்வின் பழகிய பையன். உத்தரவுப்படி சத்தத்தைக் கூட்டினான்.

"டேய், அத அடைடா!" என்று தர்மா அழுகையினூடே கத்தினார்.

பாட்டு நின்றது. பாஸ்டர் மைக்கைக் கையில் எடுத்தார், யோசித்தார், கீழே வைத்தார். இயேசுவே நண்பன் இறந்தபோது அழுதவர் என்பது அவருக்குத் தெரியாததல்ல. அவனை உயிரோடு எழுப்பப் போகிறோம் என்று தெரிந்தும் அழுதவர். அன்றைய நிகழ்ச்சி நிரலில்தான் அதற்கு இடம் விடவில்லை.

சவ வண்டிக்காரர் கடிகாரத்தைக் காட்டி முணுமுணுத்தார். தர்மா சரளாவின் கன்னத்தைத் தொட்டுத் தொட்டு ஒரு மணி நேரம் அழுதார். யாரும் நிறுத்தவில்லை. அவர் வேலையை அவரே செய்தால்தான் உண்டு.

பெட்டியை மூடப் போகையில் சபையைச் சேர்ந்த ஷர்மினி எழுந்து வந்தாள். போன வருடம் புருஷனைப் பறிகொடுத்தவள். அன்றும் ஷர்வின்தான் வாசித்தான்.

"என்னையும் கொஞ்ச நேரம் விட்டிருக்கலாம்லண்ணே?"

"விட்டிருக்கணும்மா," என்றார் தர்மா.

அவள் அவரைத் திட்டவில்லை. முத்தம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். முன்பின் பார்த்திராத முத்தம்மா அவளைக் கட்டிக்கொண்டு, "யாரும்மா உனக்குப் போனது?" என்று கேட்டார்.

"வீட்டுக்காரரு," என்றாள் ஷர்மினி.

முத்தம்மா முதலிலிருந்து தொடங்கினார்.