கவரில் வந்த பத்துக்கு மூன்று

போன மாதம் என் ஆபீஸ் நண்பர் மாதையன் வீட்டுக்கு ஒரு கவர் வந்தது. உள்ளே கடிதம் இல்லை. 'நலம், நலமறிய ஆவல்' கூட இல்லை. இரண்டு ஓரத்திலும் வரிசையாக ஓட்டை போட்ட, நீளமான கம்ப்யூட்டர் பேப்பர் மட்டும்!

மாதையனின் மகள் செல்விக்குப் பார்த்திருந்த வரனின் ஜாதகப் பொருத்தம் அது. கடைசி வரியில் இருந்தது - பத்துக்கு மூன்று.

அவ்வளவுதான். சம்பந்தம் முடிந்துபோனது... முடிந்தது என்று யாரும் வாய் திறந்து சொல்லாமலேயே.

இதில் அடியேனுக்கும் பங்கு உண்டு. கடத்தூரிலிருந்து பச்சியப்பன் தன் மனைவியோடும், வாத்தியார் வேலை பார்க்கும் இளைய மகனோடும் பெண் பார்க்க தருமபுரிக்கு வந்த அன்று நானும் மாதையன் வீட்டில்தான் இருந்தேன். எல்லோருக்கும் திருப்தி. பையனின் அம்மா செல்வியின் கையைப் பிடித்தவர் விடவே இல்லை. கிளம்பும்போது பச்சியப்பன், "ஜாதகத்த மட்டும் எங்கூரு ஜோசியருகிட்ட காட்டிட்டு சேதி சொல்றங்க" என்றார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். இருந்தேனா?

"பஸ் ஸ்டாண்டு பக்கத்துலயே கம்ப்யூட்டர் ஜோசியம் வந்திருக்குங்க. அஞ்சு நிமிஷ வேலை. சயின்ஸுங்க, தப்பே வராது" என்று வழியும் சொல்லி அனுப்பினேன்.

ஊர் ஜோசியர் என்றால் என்ன செய்திருப்பார்? வெற்றிலை போடுவார். பேரன் பேத்தி எல்லோரையும் விசாரிப்பார். "மூணுதான் இருக்குது... ஆனா..." என்று இழுப்பார். அந்த 'ஆனா'வைப் பிடித்துக்கொண்டு நாமும் பேசலாம், கெஞ்சலாம், சண்டைகூடப் போடலாம். கம்ப்யூட்டரிடம் 'ஆனா' கிடையாது.

எங்கள் பக்கத்தில் ஒரு வரன் வேண்டாமென்றால் அதைச் சொல்லவும் ஓர் ஆள் நேரில் வருவார். மாப்பிள்ளையின் மாமாவோ, தரகரோ. வந்து உட்கார்ந்து, மழை உண்டா, கிணற்றில் தண்ணீர் உண்டா என்றெல்லாம் கேட்டு, சாப்பிட்டும் முடித்து, செருப்பை மாட்டும்போது மெதுவாகச் சொல்வார் - "இப்போதைக்கு வேணாங்கறாங்க." தர்மசங்கடமான வேலை. சாப்பிட்ட சோறு அவருக்கும் தொண்டையில் இறங்கியிருக்காது. அந்த வேலையை இப்போது ஸ்டாம்ப் ஒட்டிய கவர் சுலபமாக முடித்துவிட்டது.

ஆனால் செல்விக்கு?

"கண்ணாடி முன்னாடியே நிக்குதுங்க" என்றார் மாதையன். "'கம்ப்யூட்டரு ஒரு சாக்குப்பா, என்னைப் புடிக்கல, அதான்'ங்குது. சோறும் சரியாத் திங்கறதில்ல."

பெண் வீட்டுக்காரர் தேடிப் போய் 'ஏன் வேண்டாம்' என்று கேட்கிற வழக்கம் இங்கே கிடையாது. கௌரவக் குறைச்சல். இருந்தும் போன ஞாயிற்றுக்கிழமை காலையில் மாதையன் வெள்ளைச் சட்டையோடு என் வீட்டு வாசலில் நின்றார். பஸ் ஏறினோம்.

கடத்தூரில் பச்சியப்பன் வாசலில் நிலக்கடலை காயப் போட்டுக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது. "வாங்க வாங்க" என்று கட்டிலை இழுத்துப் போட்டார். உள்ளேயிருந்து ஓர் இளம்பெண் மோர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, நிமிர்ந்து பார்க்காமல் திரும்பிப் போனாள்.

மாதையன் சுற்றி வளைக்கவில்லை.

"சம்பந்தம் கேட்டு வரலீங்க. வேணாம்னா வேணாம். அத உங்க வாயால சொல்லிடுங்க, போயிடறேன். எம்பொண்ணு தன்மேல என்ன கொறைன்னு தேடிக்கிட்டிருக்குது."

பச்சியப்பன் கடலையைக் கிளறிக்கொண்டே சொன்னார்.

"பொண்ணு தங்கமுங்க. மூத்தவனுக்கு ஜாதகமே பாக்காம கட்டி வெச்சேன். வருஷம் திரும்பலீங்க... போயிட்டான். இப்ப மோரு குடுத்துட்டுப் போச்சே, அதான் அவன் சம்சாரம். இந்தப் பேப்பர்ல ரஜ்ஜு இல்லைன்னு இருக்குது. புருசன் ஆயுசுக்கு ஆவாதாம். இவனையும் பறிகுடுத்துருவமோன்னு எங்க வூட்டுல அழுவுறா. நேர்ல வந்து சொல்லணும்னுதான் இருந்தேன். அந்தப் புள்ள மூஞ்சியப் பாத்தா எனக்கு வாய் வராதுங்க. அதான் கவர்ல போட்டுட்டேன்... வேணாங்க. மன்னிச்சுக்குங்க."

மாதையன் எழுந்துபோய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். ஒரு 'வேண்டாம்' கேட்டு மனசு லேசானது எனக்கு அதுதான் முதல் தடவை.

பஸ்ஸில் வரும்போது எங்களுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. பேப்பரை நம்பாமல் மனுஷனைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தோம் அல்லவா? நான்தான் வழிநெடுக அதைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தேன், கம்ப்யூட்டரைக் கைகாட்டிவிட்ட அதே நான்!

வீட்டில் செல்வியை உட்கார வைத்து மாதையன் ஒன்றுவிடாமல் சொன்னார். மூத்தவன் போனது, அம்மாவின் அழுகை, நிலக்கடலை... எல்லாம். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். முகம் தெளிந்துவிட்டது.

"பாவம்ப்பா அவங்க" என்றாள். அப்புறம் சாதாரணமாகக் கேட்டாள்: "அந்த அண்ணி இப்ப எப்பிடி இருக்காங்க? நீங்க ஏதாச்சும் பேசுனீங்களா?"



மோர் நன்றாக இருந்தது என்றுகூட நாங்கள் அந்தப் பெண்ணிடம் சொல்லியிருக்கவில்லை.