கொடிக்கு அப்பால் போன சாவி

சேதுராமன் பனியைக் கண்ணால் கண்டதில்லை. கும்பகோணத்தில் பிறந்து, மெட்ராஸில் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணி, எழுபத்து நாலில் துபாய்க்கு வந்தவர். ஆனாலும் பனிச்சறுக்கைப் பற்றி எங்கள் கம்பெனியில் அவரளவு தெரிந்தவர் யாரும் கிடையாது. பர் துபாய் ஆபீஸில், இங்கே அடித்தால் வெளிநாட்டில் அச்சாகி விழும் டெலக்ஸ் மெஷின் அவர் பொறுப்பு. மேனேஜர் ஹார்வி பிப்ரவரி பிறந்தால் ஈரான் மலைக்குச் சறுக்கக் கிளம்பிவிடுவார். அங்குள்ள ஓட்டலுக்கும் வழிகாட்டிக்கும் சேதி அனுப்புவது சேதுராமன். பக்கத்து மேசை ஸ்டோர் கீப்பரான எனக்கு அவர் எல்லாவற்றையும் விளக்குவார்.

மெஷினால் அழுத்தி, கொடி நட்டு வைத்த பாதையில் சறுக்குவது ஹார்விக்குப் போதாதாம். கொடியைத் தாண்டி, யாரும் கால் வைக்காத பனியில் இறங்க வேண்டுமாம். எந்தச் சரிவில் பனி எப்போது பெயர்ந்து வரும் என்று தொழில் தெரிந்த வழிகாட்டிக்குத்தான் தெரியும். அவன் முன்னால் போய்க் கம்பால் குத்திப் பார்ப்பான், மற்றவர்கள் இடைவெளி விட்டு ஒவ்வொருவராக இறங்குவார்கள். இடுப்பில் நீளமாக ஒரு சிவப்புக் கயிறு இழுபடும். பனி மூடிவிட்டால் அதன் நுனியைப் பிடித்துத் தோண்டலாம். அந்தக் கயிற்றை மீனா பஜாரில் தேடி வாங்கி வந்ததே சேதுராமன்தான். காசு கொடுத்துச் சாகப் போகிற அந்த ஆசை எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

எழுபத்தேழில் ஹார்வி மலைக்குப் போன நாலாம் நாள், சனிக்கிழமை, கார்மேகத்துக்குத் தந்தி வந்தது. தாய் சீரியஸ், உடனே புறப்படு. கார்மேகம் முதுகுளத்தூர்ப் பக்கத்துக்காரன், ஜெபல் அலி சைட்டில் கம்பி கட்டுபவன். தந்தியோடு ஓடி வந்து பாஸ்போர்ட் கேட்டான். எங்கள் எல்லோருடைய பாஸ்போர்ட்டும் ஆபீஸ் இரும்புப் பெட்டியில் இருந்தது. பெட்டியின் ஒரே சாவி ஹார்வியின் சட்டைப் பையில் இருந்தது. உடைத்துவிடலாம் என்று யாரும் சொல்லவில்லை, நானும்தான். வேலை போய்விடும் என்ற பயம்.

சாவி அவசரமாக வேண்டும் என்று சேதுராமன் ஓட்டலுக்கு டெலக்ஸ் அடித்தார். ஞாயிறு காலை பதில் வந்தது. ஹார்வியும் வழிகாட்டியும் மலைமுகட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு கல்குடிசையில் தங்கியிருக்கிறார்கள். அங்கே போன் இல்லை. அவர்கள் இறங்கி வர இன்னும் பத்து நாளாகும். புதுப் பனி விழுந்து சரிவு மோசமாகக் கிடக்கிறது. இருந்தாலும் உயிர் விஷயம் என்றால், இன்னொரு வழிகாட்டி நாளைக் காலை சறுக்கிப் போய்ச் சாவியை வாங்கி வருவார். உறுதி செய்யவும்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். செத்துப்போனார் என்று ஊரிலிருந்து யாரும் தந்தி கொடுக்க மாட்டார்கள். தனியாகக் கிடப்பவன் தாங்க மாட்டானே என்று சீரியஸ் என்றுதான் கொடுப்பார்கள். தொழிலாளர்கள் தங்கும் கேம்பில் எல்லோருக்கும் இது தெரியும். அன்று மத்தியானம் கார்மேகம் வந்து நின்றபோது தலையும் மீசையும் மழித்திருந்தான். கேம்ப் ஆட்களே தலைமுழுக வைத்து அனுப்பியிருந்தார்கள்.

சேதுராமன் அந்தத் தலையைப் பார்த்தார். பிறகு டெலக்ஸைத் தமிழில் படித்துச் சொன்னார். கார்மேகம் வேண்டாம் என்று கையசைத்தான்.

"இந்நேரம் எரிச்சு முடிச்சிருப்பாக சார். எனக்காக ஒரு மனுசன் எதுக்குப் பனியில போயி விழணும்? அவனுக்கும் ஒரு ஆத்தா இருப்பால்ல."

நியாயமாகத்தான் பட்டது. நானும் தலையாட்டினேன். தேவையில்லை, நன்றி என்று சேதுராமன் அடித்தார்.

அதிலிருந்து ஒன்பது நாள் கழித்து, செவ்வாய்க்கிழமை, இரண்டாவது தந்தி வந்தது. தாய் நேற்று மாலை காலமானார்.

சேதுராமன் அதை என்னிடம் நீட்டினார். முதல் தந்தி கொடுத்தது கார்மேகத்தின் தங்கை புருஷன். அந்த மனிதர் உள்ளதை உள்ளபடி எழுதியிருக்கிறார். வழிகாட்டி போயிருந்தால் சாவி அந்த வாரமே விமானத்தில் வந்திருக்கும், சனிக்கிழமை கார்மேகம் ஊரில் இருந்திருப்பான். இரண்டு நாள் தாயின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம். நான் விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன், எண்ணாமலே இருந்திருக்கலாம்.

சைட்டிலிருந்து கார்மேகத்தை வரவழைத்தோம். அடுத்த நாள்தான் ஹார்வி மலையிறங்குவார். பெட்டி பூட்டியபடி இருந்தது. தந்தியை நான்தான் படித்தேன். சேதுராமன் எழுந்து நின்று அழுதார்.

கார்மேகம் அழவில்லை. முள் முள்ளாக முடி முளைத்திருந்த தலையைத் தடவிக்கொண்டான்.

"மறுபடியும் எடுக்கணும்" என்றான். பிறகு சேதுராமனைப் பார்த்துக் கேட்டான்: "அந்த வழிகாட்டி ஆளு போறேன்னுதான சார் சொன்னாரு?"