ஆங்கிலேயர் கோவிலின் துருத்தி

பேய், ஆவி என்று எவராவது கதை தொடங்கினால் எழுந்து தேநீர் போடப் போய்விடுகிறவன் நான். யாழ்ப்பாணத்தில் பதினோரு வருடங்கள் பௌதிகம் படிப்பித்தவன். கடவுளையே நம்பாதவனுக்குப் பேயை நம்ப என்ன அவசியம்? ஆகவே கீழே எழுதுவதை நீங்கள் நம்பாவிட்டால் எனக்கு வருத்தமில்லை. உங்கள் இடத்தில் இருந்தால் நானும் நம்பமாட்டேன். ஆனாலும் அது நடந்தது, பிற்பகல் மூன்று மணிக்கு, நல்ல வெளிச்சத்தில், என் கண் முன்னால் நடந்தது.

டாவோஸுக்கு அப்பால் ஒரு சிறிய மலையூரில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இருக்கிறேன். முதலில் ஹோட்டலில் கோப்பை கழுவினேன், பின்னர் அதே ஹோட்டலின் கொதிகலன் அறையைப் பார்த்துக்கொண்டேன். ஊரின் பெயரை எழுதவில்லை, ஏனெனில் அது நடந்த கிறிஸ்தவக் கோவிலில் இன்றும் வழிபாடு நடக்கிறது. அங்கே வேடிக்கை பார்க்க எவரும் வரவேண்டாம்.

நெஞ்சு நோய்க்கு மலைக்காற்றே மருந்து என்று நம்பி ஒரு காலத்தில் இங்கே வந்து தங்கிய ஆங்கிலேயர், தங்கள் ஊர்க் கோவிலைப் போலவே ஒன்று வேண்டும் என்று கட்டியது அது. கூர்முனைச் சாளரங்கள், சிறகு விரித்த பித்தளைக் கழுகின் முதுகில் வேதப்புத்தகம், பாட்டு எண்களைச் செருகும் மரப்பலகை, ரோசாவும் எடெல்வைஸ் மலைப்பூவும் சேர்த்துப் பின்னிய, முழந்தாளிடும் மெத்தைகள். சுவரெங்கும் சிறு தகடுகள்: குணமாக வந்து, குணமாகாமல் இங்கேயே தங்கிவிட்ட இளம்பிள்ளைகளின் பெயர்கள். வரைபடம் கீறியவர் பனியையே கண்டிராதவர் போலும். இரண்டு கூரைகள் சந்திக்கும் பள்ளத்தில் பனி குவிந்து இன்றுவரை ஒழுகுகிறது.

என் மனைவி ரஞ்சிதம் யாழ்ப்பாணத்தில் ஆங்கிலேயர் வைத்துவிட்டுப்போன ஒரு கோவிலில் வளர்ந்தவள். இங்கே அதே முறையில் ஆராதனை நடப்பதைக் கண்டதும், மொழி வேறானாலும், தன் வீட்டுக்கு வந்துவிட்டவளைப் போல் ஆகிவிட்டாள். கோவிலைக் கூட்டினாள், மெத்தைகளைத் தைத்தாள், இருபத்தாறு வருடங்கள் ஓர்கனுக்குக் காற்றடித்தாள். குழல்கள் வைத்த அந்த ஓர்கன் இங்கிலாந்திலிருந்து பெட்டிகளில் வந்த பழைய இசைக்கருவி. அதன் பக்கத்தில் திரைக்குப் பின்னால் நீண்ட மர நெம்புகோல் ஒன்று. அதை ஏற்றி இறக்கினால் உள்ளே தோல் துருத்தி நிரம்பும். துருத்தியில் எவ்வளவு காற்று இருக்கிறது என்பதைக் காட்ட, நூலில் ஒரு சிறிய ஈயக்கட்டி தொங்கும். காற்று நிரம்பினால் அது கீழே வரும், குறைந்தால் மேலே போகும். மேலே உள்ள சிவப்புக் கோட்டைத் தொட்டால் பாட்டு நின்றுவிடும்.

நான் உள்ளே போனதில்லை. ஒவ்வொரு ஞாயிறும் அவளைக் கூட்டிக்கொண்டுபோய், மதில் வாசலில் சிறு கூரையின் கீழ் இருந்த வாங்கில் அமர்ந்து பத்திரிகை வாசிப்பேன். "உள்ள வந்தா கடவுள் உங்களைக் கடிச்சுப்போடுவாரோ?" என்று கேட்பாள். குளிரில் இருப்பது உடம்புக்கு நல்லது என்பேன். சிரித்துக்கொண்டு போய்விடுவாள்.

2017 மாசியில் போய்விட்டாள். எல்லாவற்றையும் நானே தீர்மானித்தேன்: கூர் நகரத்துத் தகன மண்டபம், அரைமணி நேரம், ஜெபமும் இல்லை, பாட்டும் இல்லை. அந்தக் கோவிலுக்குள் அவளில்லாமல் இருக்க என்னால் முடியாது என்பதை எவரிடமும் சொல்லவில்லை, கொள்கை என்று சொன்னேன். எங்கள் ஒரே மகள் ஷாலினி, வில் நகரில் மருந்தாளராக இருப்பவள், மண்டப வாசலில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "அம்மாவுக்கு ஒரு பாட்டுக்கூட இல்லையோ, அப்பா?" அதன்பின் வாரம் ஒருமுறை தொலைபேசியில் மருந்து போட்டீர்களா என்று கேட்பாள், போட்டேன் என்பேன். அவ்வளவுதான் எங்களுக்குள் மிஞ்சிய பேச்சு.

அந்த வருடம் ஐப்பசியில், ஓர்கன் வாசிக்கும் ஆங்கிலேய மூதாட்டி அழைத்தார். அடுத்த வாரம் காற்றடிக்க மின்விசிறி பூட்டி நெம்புகோலைக் கழற்றப்போகிறார்கள், அதற்குமுன், என்னிடம் வாசிக்கப் பழகிய உங்கள் மகள் தாய்க்காக ஒருதடவை வாசிக்க விரும்புவாளா என்று கேட்டார். கோவிலின் வரலாற்றை இரண்டு பக்கம் எழுதித் தரும்படியும் கேட்டார். எழுதுவதற்காக வாசித்தபோதுதான் அறிந்தேன், நான் இத்தனை வருடம் இருந்த அந்த வாசல்கூரை, சவப்பெட்டி குருவானவரின் வரவுக்குக் காத்திருக்கும் இடமாம். ரஞ்சிதத்தின் பெட்டி அதனூடாகப் போகவேயில்லை.

ஷாலினி சனிக்கிழமை காரில் வந்தாள். மூதாட்டி சாவியைத் தந்துவிட்டு வீட்டுக்குப் போனார். உள்ளே நாங்கள் இருவர் மட்டும். அவள் கைபேசியை ஒலிப்பதிவில் வைத்துவிட்டு ஓர்கனின் முன் அமர்ந்து, "நீங்கள்தான் காத்தடிக்க வேணும், அப்பா. ஏலுமோ?" என்றாள். ஓம் என்று திரைக்குப் பின்னால் போனேன். என் வலது தோள் பழுது என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

ஐந்து சரணங்கள் உள்ள ஞானப்பாட்டு அது, அவளுடைய தாய் அடுப்படியில் பாடுவது. முதலாம் சரணத்தை எப்படியோ சமாளித்தேன். இரண்டாம் சரணத்தில் சுரம் தள்ளாடியது. மூன்றாம் சரணத்தின் நடுவில் தோளில் ஏதோ பிடித்து, கை தானாகவே நெம்புகோலை விட்டுவிட்டது. நான் அங்கிருந்த படியில் குந்தி இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டேன். இதையும் ரஞ்சிதத்துக்குக் கொடுக்க என்னால் முடியவில்லையே என்ற நினைப்பு ஒன்றுதான் எனக்கு. துருத்தியில் மிஞ்சிய காற்று அரைவரிக்குத்தான் காணும். பாட்டு மூச்சுத்திணறி நிற்கப்போகிறது என்று காத்திருந்தேன்.

நிற்கவில்லை.

கையை எடுத்துப் பார்த்தேன். ஈயக்கட்டி சீராகக் கீழே வந்தது, சிறிது ஏறியது, மறுபடி வந்தது. நெம்புகோல் அவசரமில்லாமல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அங்கே எவருமில்லை. இப்படிப்பட்ட கதைகளில் வரும் குளிர்காற்றோ மல்லிகை வாசமோ எதுவும் இல்லை. ஈரக் கம்பளியும் மெழுகும் மணத்தன. பயமும் வரவில்லை. பயம் வந்திருக்க வேண்டும் என்பது பல நாள் கழித்தே தோன்றியது. மூன்றாம் சரணத்தின் மீதியும் நாலாவதும் ஐந்தாவதும் முழுமையாக ஒலித்து முடிந்தன. நான் எழுந்து திரையை விலக்கி மகளிடம் போனேன்.

அவள் அழுதுகொண்டிருந்தாள். "முதல்ல தடக்கித் தடக்கி அடிச்சீங்கள். பிறகு அம்மா அடிக்கிற மாதிரியே இருந்தது. எங்க பழகினீங்கள்?"

உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். "வாசல்ல இருந்து கேட்டுக் கேட்டுத்தான், பிள்ளை," என்று வந்தது.

அவள் என் நெஞ்சில் சாய்ந்தாள். மண்டப வாசலுக்குப் பிறகு அன்றுதான் என்னைத் தொட்டாள். இப்போது மாதம் இருமுறை வருகிறாள், பேரப்பிள்ளையையும் கூட்டி வருகிறாள். நான் செய்யாத ஒன்றுக்காக என்னை மன்னித்திருக்கிறாள். அந்த மன்னிப்பைத் திருப்பிக் கொடுக்கும் துணிவு இன்றுவரை எனக்கு வரவில்லை.

அந்த ஒலிப்பதிவை எனக்கும் அனுப்பியிருந்தாள். இரண்டு தடவைதான் கேட்டேன். பாட்டு முடிகிறது. அவள் கேட்கிறாள், கைபேசிக்கு மிக அருகில் நான் பதில் சொல்கிறேன், இருவரும் பேசாமல் நிற்கிறோம். அந்த மௌனத்தில், திரைக்குப் பின்னால், மரம் மெல்ல உயர்ந்து இரும்பில் மாட்டும் ஒலி கேட்கிறது. வேலை முடிந்ததும் நெம்புகோலைத் தூக்கி மாட்டிவைக்க அங்கே ஒரு கொக்கி உண்டு என்பதை, அதைக் கழற்ற வந்தவர் காட்டியபோதுதான் நான் முதன்முதலாக அறிந்தேன்.