லாக்சனின் கடைசி ஆட்சேபணை

மலாவியின் சோலோ மலைத் தேயிலைத் தோட்டத்தில் லாக்சன் முத்திப்போ என்றாலே ஆட்சேபணை என்று அர்த்தம். அறுபது வயது, கவ்வாத்து வெட்டும் வேலை. மனைவி செத்ததும், பிள்ளைகள் தாய்வீட்டுக்கே என்ற ஊர் வழக்கப்படி அவளுடைய அண்ணன்மார் இவருடைய பிள்ளைகளைத் தங்களிடம் வைத்துக்கொண்டு இவரை மட்டும் அனுப்பிவிட்டார்கள். அதன் பிறகு லயத்தில் தனி அறை, தனி அடுப்பு. திங்கள் முதல் சனி வரை அவரிடம் நாலு வார்த்தை சேர்த்துப் பேச ஆளில்லை.

ஞாயிறு மட்டும் வேறு. முப்பது வருடம் யாரையும் வாய் திறக்க விடாத ஆட்சி போன மறுவருடம், வேலைநிறுத்தம் பற்றிய ஒரு வெளிநாட்டு நாடகத்தைத் தோட்டத்து ஜனங்களே கூடித் தங்கள் மொழிக்குக் கொண்டுவந்தார்கள். மாமரத்தடியில் வாத்தியார் கசெம்பே ஒரு வரியைப் படித்து அர்த்தம் சொல்வார். ஆளுக்கொரு விதமாகச் சொல்லிப் பார்ப்பார்கள். எல்லோரும் தலையாட்டினால்தான், எழுதப் படிக்கத் தெரிந்த இளம்பெண் ஃபெலிஸ்டா நோட்டில் எழுதுவாள். ஒருவர் மறுத்தாலும் அந்த வரி அடுத்த வாரத்துக்குப் போகும். லாக்சனுக்கு இது போதாதா? ‘முதலாளி’ என்ற சொல்லுக்கே மூன்று ஞாயிறு இழுத்தடித்தார். நாடகம் முடிந்தால் ஞாயிறும் முடிந்துவிடுமே என்ற பயம். பாவம், இதை வெளியே சொல்லிக்கொள்ள முடியுமா?

அன்று கடைசி வரி. ஒருவருக்கொருவர் உதவுவோம் என்று தொழிலாளர்கள் சொல்கிறார்கள்.

“தங்காட்டான்னு போடுவோம். உதவிக்குப் பழைய சொல்லு, கேக்கவும் நல்லாயிருக்கு,” என்றாள் ஃபெலிஸ்டா. எல்லோரும் தலையாட்டினார்கள்.

“அது ஆகாது,” என்றார் லாக்சன்.

“ஆரம்பிச்சிட்டாரு மாமா. இன்னைக்காவது விடுங்க, வீட்ல களி ஆறிப்போகுது,” என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

“அகராதியிலயும் உதவின்னுதான் இருக்கு, அண்ணே,” என்றார் வாத்தியார்.

“துரையும் உதவின்னுதான் சொன்னான். அவன் நிலத்துல குடிசை போட்டதுக்கு வாடகையா எங்கம்மா கூலியில்லாம உழைச்சா. அதுக்குப் பேரு தங்காட்டா. மழை விழுந்த மொத மாசம் பூரா அவனுக்கு. எங்க சோளம் களையிலயே செத்துச்சு. அந்தச் சொல்ல மேடையில சொன்னீங்கன்னா நான் எந்திரிச்சுப் போயிடுவேன்.”

யாரும் சிரிக்கவில்லை. ஃபெலிஸ்டா அந்தச் சொல்லை மனத்திலிருந்தே அழித்துவிட்டாள்.

“அப்ப அடுத்த வாரம் யோசிப்போமா, மாமா?”

கேட்காமலே இன்னொரு ஞாயிறு மடியில் வந்து விழுந்தது. சரி என்று சொன்னால் போதும். ஆனால் சரியான சொல் வாய்வரை வந்து நின்றது. அம்மாவை நினைத்தபின் அதை மறைத்துவைக்க அவருக்கு மனசு வரவில்லை.

“எழுதிக்கோம்மா. ஒருத்தர ஒருத்தர் பிடிச்சுக்குவோம்.”

எல்லோரும் தலையாட்டினார்கள். லாக்சனும் ஆட்டினார். ஃபெலிஸ்டா எழுதிவிட்டு நோட்டை மூடினாள்.