காய்ந்த கரண்டு

மன்பீரைப் பற்றி எழுத உனக்கு என்ன யோக்கியதை என்று கேட்டால், ஒன்றுமில்லை. ஜாஜர்கோட் மலையில் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு நான் வாத்தியார். மே மாதம் பிறந்தால் பள்ளியைப் பூட்டிவிட்டு நானும் ஊரோடு சேர்ந்து பனிமலைச் சீமையான டோல்பாவுக்கு யார்சா பொறுக்கப் போய்விடுவேன். பூட்டாமல் இருந்தாலும் பாடம் கேட்க ஆள் கிடையாது. பாதி புழுவும் பாதி புல்லுமாக மண்ணுக்கு மேல் ஒரு விரற்கடை தலை காட்டும் அந்த மருந்துக்காக, மூச்சு முட்டும் உயரத்தில் ஒரு மாதம் தவழ்வோம். மின்சாரம் கிடையாது. செல்பேசிக்கும் தலைவிளக்குக்கும் உயிர் கொடுக்க அந்த மலையில் ஒரே ஆள்தான் இருந்தான், அவன் மன்பீர்.

மன்பீர் காமி, அதாவது கொல்லர் சாதி. அவன் தொட்ட தண்ணீரை நாங்கள் குடிப்பதில்லை. எல்லை தாண்டி சிம்லா பக்கம் ஆப்பிள் தோட்டங்களில் ஏழு வருஷம் பெட்டி சுமந்தான். மற்றவர்கள் அங்கிருந்து தங்கப் பல்லும் டேப்பும் வாங்கி வருவார்கள். இவன் தோளில் தொங்கியது நான்கு மடிப்பு மடித்த ஒரு சோலார் பேனல். அதை அவன் விரித்துக் காட்டியபோது, "எழுத்தே தெரியாதவன் புத்தகம் வாங்கியாந்திருக்கான்டா" என்று சந்தையே சிரித்தது. அவனும் சேர்ந்துதான் சிரித்தான். கேலி செய்கிறவர்களோடு சேர்ந்து சிரித்துவிடுவது அவனுக்குச் சின்ன வயதிலேயே பழகிப்போன வேலை.

முதல் வருஷமே பஞ்சாயத்து வந்தது. எங்கள் கூடாரங்களுக்கெல்லாம் பெரியவர் டம்பர் ஷாஹி. எல்லோரும் முக்கியா என்போம். காமி கையால் சார்ஜ் ஏற்றிய போனைத் தொடலாமா கூடாதா என்று அவருக்குச் சந்தேகம். அரிசி, பருப்பு மாதிரி காய்ந்த சாமானை அவர்களிடம் வாங்கலாம். தண்ணீர் பட்டதைத்தான் வாங்கக் கூடாது.

"வாத்தியாரே, நீர் படிச்சவரு. இந்தக் கரண்டு ஈரமா, காஞ்சதா?"

"காஞ்சதுதான் முக்கியா. ஈரமா இருந்தா நம்மள அடிச்சுல்ல போட்டிருக்கும்!"

எல்லோரும் சிரித்தார்கள். நான் பெரிய விஞ்ஞானியைப் போல மார்பை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அன்றிலிருந்து கரண்டு காய்ந்த சாமான் கணக்கில் சேர்ந்தது.

காலையில் ஒரு தட்டைக் கல்லின் மேல் போனை வைத்துவிட்டுத் தள்ளி நிற்போம். மன்பீர் எடுத்துக்கொண்டு போவான். பதினோரு மணிக்கு மேகம் வந்துவிடும், அதற்குள் முடிந்தாக வேண்டும். முதலில் முக்கியாவின் போன், பிறகு அவர் வீட்டார், பிறகு நாங்கள், கடைசியில் அவனுடையது. வெயில் நகர நகரப் பேனலைத் திருப்பி வைத்துக்கொண்டே இருப்பான். ஒரு மடிப்பில் நிழல் விழுந்தாலும் நான்கும் படுத்துவிடும். ஒருநாள் முக்கியாவின் மருமகன் லோகேந்திரன் வெயிலை மறைத்துக்கொண்டு நின்றான்.

"நெழல் விழுதுங்க ராஜா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றான் மன்பீர். முக்கியா வீட்டாரைக் காமிகள் ராஜா என்றுதான் கூப்பிட வேண்டும்.

"ஏண்டா மன்பீரே, எங்க நெழல் பட்டா இப்ப உனக்குத் தீட்டாயிருச்சா?"

அந்த வாரம் முழுக்க அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். சத்தமாகச் சிரித்தவர்களில் நானும் ஒருவன்.

நான்காம் வருஷம் மன்பீர் ஒரு மோட்டார் சைக்கிள் பேட்டரியைக் கூடையில் சுமந்து வந்தான். காலை வெயிலை அதில் சேர்த்துவைத்து, மேகமூட்டமான நாளில் எடுத்துக் கொடுப்பான். மனைவி ஜஸ்மதியும் அந்த வருஷம் கூட வந்திருந்தாள். சும்மா இருக்கமாட்டாத பெண். புருஷன் மெதுவாகப் பேசினால், "இந்த மனுசன் வாய்க்கும் சார்ஜ் போடணும்" என்பாள். காமிகளில் அவர்கள் கூடாரம் ஒன்றுதான் மேலே இருந்தது. அவள் தம்பி கோவர்தன், எங்கள் சுமையை இறக்கும் கோவேறு கழுதையோடு அரைநாள் தூரத்தில், கீழ்ப் புல்வெளியில் இருந்தான்.

ஒரு காலை மன்பீர் பேட்டரியின் மூடிகளைத் திறந்து, கடையில் வாங்கி வந்த பேட்டரித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக ஊற்றிக்கொண்டிருந்தான். லோகேந்திரன் பார்த்துவிட்டான்.

"மாமா, உள்ள தண்ணி இருக்கு! இவன் கையாலயே ஊத்தறான்!"

முக்கியாவின் முகம் கறுத்துவிட்டது. இத்தனை நாள் ஊரையே கெடுத்துவிட்டாயே என்று அவனைத் திட்டினார். தீட்டுத் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சுத்தத் தண்ணீர் நிரப்பச் சொன்னார்.

"ராஜா, அது தண்ணியில்ல, ஆசிட்டு. அதக் கொட்டிட்டா பேட்டரி செத்துரும்."

"நீ எனக்குத் தண்ணி எது, ஆசிட்டு எதுன்னு பாடம் நடத்தறியா?"

லோகேந்திரன் பேட்டரியைக் கவிழ்த்தான். புல் பொசுங்கிக் கருகியது, அவன் துணிச் செருப்பிலும் ஓட்டை விழுந்தது. தீட்டு எவ்வளவு கடுமையானது பார் என்றார் முக்கியா. பிறகு ஊற்றுநீர் கொண்டுவந்து, தன் தங்க மோதிரத்தை அதில் முக்கி, அந்தப் பொன்தண்ணீரை ஆறு துளைகளிலும் ஊற்றினார். வீட்டில் தீட்டுக் கழிக்க எதைச் செய்வோமோ அதையே பேட்டரிக்கும் செய்தார். அவர் செய்வது முட்டாள்தனம் என்று எனக்குத் தெரியும். எட்டாம் வகுப்புக்கு நான் நடத்துகிற பாடம்தான் அது. வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் பனி கொட்ட ஆரம்பித்தது. நான்கு நாள் சூரியனே இல்லை. பேட்டரி பிணமாகக் கிடந்தது. போன்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. வரிசையில் கடைசியான மன்பீரின் போன் முதலில் அணைந்தது.

நான்காம் நாள் காலை ஜஸ்மதிக்கு மலை பிடித்துக்கொண்டது. உயரத்தில் மூச்சடைக்கிற நோயை அப்படித்தான் சொல்வோம். உதடு நீலம் பாரித்து, இருமினால் வாயில் நுரை வந்தது. நெஞ்சுக்குள் பானை கொதிப்பது போல ஒரு சத்தம். கீழே இறக்கினால் பிழைப்பாள், இறக்காவிட்டால் சாவாள். இது எங்கள் மலையில் குழந்தைக்கும் தெரியும். ஒற்றை ஆளாக அந்தப் பனியில் சுமந்தால் இருட்டிவிடும். கோவர்தன் கழுதையோடு எதிரே வந்தால் பொழுது இருக்கும்போதே இறக்கிவிடலாம். சுமக்க ஆள் வேண்டுமென்று மன்பீர் எங்களைக் கேட்கவில்லை. யாரும் தொடமாட்டோம் என்று அவனுக்குத் தெரியும். ஒரே ஒரு போன்தான் கேட்டான்.

முக்கியாவின் போனில் ஏழு சதவீதம் இருந்தது. அணைத்துப் பத்திரமாக வைத்திருந்தார். கொடுக்க மனமில்லாதவர் அல்ல அவர், அதையும் சொல்லியாக வேண்டும். என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"வாத்தியாரே, சார்ஜு காஞ்சது, சரி. பேச்சு காஞ்சதா? வாயில வச்சுப் பேசுவான், எச்சில் தெறிக்கும். நான் அந்தப் போன எப்படி மறுபடி காதுல வைக்கிறது? நீரே கையில புடிச்சுக்கிட்டு ஸ்பீக்கரப் போடும். அவன் அஞ்சடி தள்ளி நின்னு பேசட்டும்."

சிக்னல் கிடைக்கிற மேட்டுக்கு ஒரு மணி நேரம் ஏறினோம். உச்சியில் காற்று ஆளைத் தள்ளியது. குளிரில் சார்ஜ் ஏழிலிருந்து நான்காகியிருந்தது. எண்ணை அழுத்தி, ஸ்பீக்கர் போட்டு, கையை நீட்டிப் பிடித்தேன். முதல் மணியிலேயே கோவர்தன் எடுத்தான்.

"சொல்லுங்க முக்கியா!"

மன்பீர் கத்தினான். "கோவர்தன்! நான் மாமன்டா! உங்க அக்காவுக்கு மலை புடிச்சிருச்சு! கழுதையோட உடனே மேல வா!"

"ராஜா, ஒரே காத்துச் சத்தம். ஒண்ணும் வெளங்கல. யார்சா எறக்கணுங்களா?"

"அக்காடா! உங்க அக்கா!"

"நாளைக்குக் காலைல வரட்டுங்களா ராஜா?"

மன்பீர் இரண்டடி முன்னால் வந்தான். நான் இரண்டடி பின்னால் போனேன். அவன் நின்றுவிட்டான். என் கையைப் பார்த்தான், பிறகு என் முகத்தைப் பார்த்தான். அப்புறம்தான் எனக்குப் புத்தி வந்து போனை என் வாயருகே கொண்டுபோனேன். "கோவர்தன், உங்க அக்காவுக்கு" என்று ஆரம்பித்தேன். திரை கறுத்துவிட்டது.

மன்பீர் ஓடி இறங்கினான். ஜஸ்மதியைக் கூடையில் உட்காரவைத்து, வாரை நெற்றியில் மாட்டிக்கொண்டு புறப்பட்டான். பட்டை உரியும் பூர்ஜ மரங்கள் ஆரம்பிக்கிற இடத்தில் நெஞ்சுச் சத்தம் நின்று, கூடை கனத்துவிட்டதாம். அப்போதும் இறக்கிவைக்காமல் நடந்திருக்கிறான். மறுநாள் காலை கோவர்தன் சொன்ன சொல் தவறாமல் கழுதையோடு கிளம்பினான், முக்கியாவின் யார்சாவை இறக்க. பாதி வழியில் அக்காவைப் பார்த்தான்.

அன்றே வெயிலும் வந்தது. மன்பீரின் பேனல் அவன் கூடாரத்தில் கிடந்தது.

"சாமான் இருக்கு, வெயில் இருக்கு. இனி அவன் கை எதுக்கு?" என்றார் முக்கியா. லோகேந்திரன் பேனல்மேல் பொன்தண்ணீர் தெளித்து விரித்துவைத்தான். இரண்டு வாரம் நாங்களே சார்ஜ் போட்டுக்கொண்டோம். நானும் போட்டுக்கொண்டேன்.

காரியத்தை முடித்துக்கொண்டு, பதினைந்தாம் நாள் மன்பீர் வந்தான். மொட்டைத் தலை, வெள்ளைத் துணி. எல்லோரும் மேலே சரிவில் தவழ்ந்துகொண்டிருந்தார்கள், முட்டிவலி என்று நான் மட்டும் கூடாரத்தில் இருந்தேன். அவன் போன்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கீழே வைத்தான். பேனலைத் துடைத்து மடித்தான். பிறகு என்னிடம் வந்து, வழக்கம்போலத் தள்ளியே நின்றான்.

"வாத்தியாரய்யா, ஒண்ணு கேக்கணும். அன்னிக்கு அந்த மேட்டுல நம்ம ரெண்டு பேரத் தவிர யாரு இருந்தா?"

"யாரும் இல்ல மன்பீர்."

"அப்ப யாருக்குப் பயந்து பின்னால போனீங்க?"

யாருக்கும் பயந்து போகவில்லை. கால் தானாகப் போனது. நான் முட்டியைத் தடவிக்கொண்டிருந்தேன். பேனலைத் தோளில் மாட்டிக்கொண்டு அவன் இறங்கிப் போனான்.